தூதரகத்தில் இருக்கும் கடற்படை அதிகாரியால் படகை மீட்டுத் தர முடியுமா?

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் மாமாவின் விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கட்டிப்போட்டிருக்கிறது. மாமா ஊர் திரும்பிவிட்டார், படகு வரவில்லை. கொழும்பில் உள்ள நம் தூதரகத்திலேயே ஒரு கடற்படை அதிகாரி தனி அலுவலகம் வைத்து, இலங்கைக் கடற்படைக்குக் கப்பலும் பயிற்சியும் ஏற்பாடு செய்து கொடுக்கிறாராம். அவர் யாருக்காக வேலை பார்க்கிறார்? அவருக்கு மனுப் போட்டால் படகு வருமா?" படித்ததும் மனசு கனத்தது. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படகு வருமா என்பது ஒன்று. நம்மைப் பிடிக்கிறவனுக்கே நம் அரசாங்கம் ஏன் கை கொடுக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த அலுவலகம் வழியாகப் படகு வராது. அதற்கான வாசல் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

நான் உச்சிப்புளிப் பக்கத்துக்காரன். கடற்படையில் ரைட்டர் பிரிவில் இருந்தேன். ரைட்டர் என்றால் சம்பளம், கோப்பு, கடிதப் போக்குவரத்து பார்க்கிற வேலை. அந்தப் பணிக்காலத்தில் மூன்று வருடம் வெளிநாட்டில் ஒரு இந்தியத் தூதரகத்தின் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். அது இலங்கை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஊரில் மீனவர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆகவே அந்த அலுவலகத்தின் அன்றாட வேலையையும், கரையில் காத்திருக்கும் குடும்பங்களின் பாட்டையும் கண்ணால் பார்த்தவன். கொள்கை முடிவு எடுத்த அறைக்குள் நான் இருந்ததில்லை. முடிவான பிறகு அதைத் தட்டச்சு செய்தவன். இதை மனதில் வைத்து மேலே படியுங்கள்.

தூதரகங்களில் ராணுவ அதிகாரிகள் இருப்பது ரகசியமோ புதுமையோ இல்லை. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையிலேயே அவர்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. மற்ற தூதரக ஊழியர்களை அனுப்பும் நாடே தன் இஷ்டப்படி நியமிக்கலாம். தரைப்படை, கடற்படை, விமானப்படை இணைப்பாளர்களை மட்டும், பெயரை முன்கூட்டியே அனுப்பி எங்கள் ஒப்புதலை வாங்குங்கள் என்று வரவேற்கும் நாடு கேட்கலாம். அதாவது அந்த நாட்டுக்குத் தெரிந்து, அது சரி என்ற பிறகே அவர் அங்கே போய் உட்காருகிறார். காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு உயர் ஸ்தானிகராலயம் என்று பெயர். அங்கே இந்த அதிகாரியைப் பாதுகாப்பு ஆலோசகர் என்பார்கள், மற்ற நாடுகளில் பாதுகாப்பு இணைப்பாளர். கொழும்பில் இருப்பவர் நம் கடற்படையின் கேப்டன் நிலை அதிகாரி. அவருக்கு இரண்டு பக்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தூதரகத்துக்குள் தூதருக்குக் கட்டுப்பட்டவர். சீருடை வழியில் டெல்லிக்குக் கட்டுப்பட்டவர். 2002-ல் அமைக்கப்பட்ட பாதுகாப்புப் புலனாய்வு முகமைதான் இந்த இணைப்பாளர்களைக் கவனித்துக்கொள்கிறது. 'அப்படியானால் உளவு வேலையா?' என்று கேட்பீர்கள். அந்த நாட்டு ராணுவத்தைப் பற்றி அறிக்கை அனுப்புவது அவர் வேலையில் ஒரு பகுதி, அதை மறைக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் நிலவரத்தை அறிந்து சொல்வதை வியன்னா உடன்படிக்கையே தூதரகத்தின் பணியாகச் சொல்கிறது. அதே உடன்படிக்கை, அந்த நாட்டு உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு பாதுகாப்பு ஆலோசகர் செய்வது எல்லாம் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான்.

அன்றாட வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் காகிதம். நம் கடற்படைக் கப்பல் அந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வர வேண்டுமானால் அனுமதி வாங்குவது, குடிதண்ணீர், டீசல், பைலட் படகுக்கு ஏற்பாடு செய்வது, தளபதிகள் வந்தால் யாரை எப்போது பார்ப்பது என்று அட்டவணை போடுவது, கூட்டுப் பயிற்சிக்குத் தேதி குறிப்பது. அப்புறம் பயிற்சி இடங்கள். இந்தியாவின் ராணுவக் கல்லூரிகளில் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு ஒவ்வொரு வருடமும் இடம் ஒதுக்குவார்கள். இந்தக் கோர்ஸுக்கு இத்தனை பேர் என்று பட்டியல் வரும். அதை அந்த நாட்டு ராணுவத் தலைமையகத்துக்கு அனுப்பி, அவர்கள் தரும் பெயர்களை வாங்கி, மருத்துவச் சான்று, விசா, விமானச் சீட்டு வரை பார்ப்பது எங்கள் மேஜை வேலை. என் மூன்று வருடத்தில் நேரத்தை அதிகமாகத் தின்றது அந்தப் பட்டியல்தான். கொழும்பில் இன்னொரு கடமையும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்காகக் கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்துப் பலாலியிலும் நினைவிடங்கள் இருக்கின்றன. அங்கே மரியாதை செலுத்தும் ஏற்பாடும் இந்தப் பிரிவின் பொறுப்பு.

சரி, நீங்கள் கேட்ட கப்பல் விஷயத்துக்கு வருவோம். கொடுத்தது உண்மைதான். நம் கடற்படையில் 'சரயு' என்ற பெயரில் ஓடிய ரோந்துக் கப்பல் 2000-ல் இலங்கைக்குப் போய் 'சயுர' ஆனது. கடலோரக் காவல்படையின் 'வருணா' 2017-ல் 'சுரக்ஷா' என்ற பெயரில் இலங்கைக் கடலோரக் காவல் துறைக்குப் போனது. கோவா கப்பல் கட்டும் தளத்தில் இலங்கைக்கென்றே கட்டிய 'சயுரால', 'சிந்துரால' என்ற இரண்டு பெரிய ரோந்துக் கப்பல்கள் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய படையில் சேர்ந்தன. அவை விலைக்கு வாங்கப்பட்டவை, இனாம் இல்லை. 2022 ஆகஸ்ட் 15 அன்று ஒரு டோர்னியர் கடல் ரோந்து விமானம் கொடுக்கப்பட்டது, அதை ஓட்டும் இலங்கைக் குழுவினருக்கு இந்தியாவிலேயே பயிற்சியும் தரப்பட்டது. 60 லட்சம் டாலர் இந்திய மானியத்தில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அமைக்கப்பட்டு 2024 ஜூனில் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இரண்டு நாட்டுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள்தான் பிரதமர் இங்கே வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்து வைத்தார், அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருக்கலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் நம் கரையில் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் படகுகளைப் பாக் நீரிணையில் மறிப்பவை பெரும்பாலும் சிறிய அதிவேகப் படகுகள். கோவாவில் கட்டிய அந்தக் கப்பல்கள் நூறு மீட்டருக்கு மேல் நீளம், ஆழ்கடலில் நாள்கணக்கில் சுற்றுவதற்கானவை. இது ஒன்று. இன்னொன்று, இந்தக் கூட்டுறவு இல்லாத கடல் நமக்கும் நல்லதில்லை. 2020 செப்டம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. அடுத்த வருடம் மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' சரக்குக் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகளைக் கடல் முழுவதும் கொட்டியது. இரண்டு தடவையும் நம் கடலோரக் காவல்படைக் கப்பல்கள் போய் இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து தீயை அணைத்தன. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையும் கடல்பசுவும் கீழக்கரை, வாலிநோக்கம் மக்களின் பிழைப்பும் அந்த நீரை நம்பித்தான் இருக்கின்றன. எண்ணெய் கலந்தால் அது எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்காது. அப்படி ஒரு இரவில் யாருக்குப் போன் போட வேண்டும், எந்த அலைவரிசையில் பேச வேண்டும், யார் கப்பல் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே பழகியிருந்தால்தான் நடக்கும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் 'ஸ்லிநெக்ஸ்' போன்ற கடற்படைக் கூட்டுப் பயிற்சிகளும், மாலத்தீவையும் சேர்த்துக்கொண்டு கடலோரக் காவல்படைகள் நடத்தும் 'தோஸ்தி' பயிற்சியும். அந்த மீட்பு மையத்தின் கருவி நிலையங்கள் பருத்தித்துறையிலும் முள்ளிக்குளத்திலும் இருக்கின்றன. நம் கரைக்கு எதிர்க்கரை அவை. இன்ஜின் நின்றுபோய் மிதக்கிற நம் படகின் அபாய அழைப்பு அங்கே விழுந்தாலும் உயிர் பிழைக்கும்.

கப்பல் கொடுப்பது இதில் சுலபமான பாதி. கஷ்டமான பாதிக்குப் பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பவை சாதாரண கேள்விகள். படையின் வரவு செலவை யார் தணிக்கை செய்கிறார்? பதவி உயர்வு தகுதியைப் பார்த்தா, சிபாரிசைப் பார்த்தா? சுட்டால் யார் விசாரிக்கிறார்? சீருடைக்காரர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சருக்குக் கட்டுப்படுகிறார்களா? ஓய்வு பெற்றவனுக்குப் பென்ஷன் ஒழுங்காகப் போகிறதா? நான் இருந்த நாட்டில் ஒரு பாடம் கற்றேன். வெளிநாடு ஒன்று அங்கே கொடுத்திருந்த ரோந்துப் படகுகள் ஜெட்டியில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. எரிபொருள் வடிகட்டி வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கோரிக்கைத் தாள் ஐந்து மேஜை தாண்டித் தலைநகரம் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த நிதியாண்டு பிறந்துவிடும். எங்கள் அதிகாரி புதுப் படகு கேட்டு எழுதவில்லை. ஸ்டோர் கணக்கு வைக்கத் தெரிந்த மாஸ்டர் சீஃப் என்ற மூத்த மாலுமி ஒருவரை ஆறு மாதத்துக்கு வரவழைத்தார். அவர் வந்து பதிவேடு போட்டு, இருப்புக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, ஜெட்டியில் இருக்கும் அதிகாரியே சிறிய பொருள்களை வாங்கிக்கொள்ளும்படி அந்த நாட்டு அதிகாரிகளோடு உட்கார்ந்து விதி எழுதிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது அந்தப் படகுகளில் பாதிக்கு மேல் கடலில் இருந்தன. ராணுவ உதவி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பதிவேடுதான்.

இந்தியாவுக்கு இந்த வேலை புதிதில்லை. பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் 1962 முதல் நம் ராணுவப் பயிற்சிக் குழு இருக்கிறது. காத்மாண்டுத் தூதரகத்தின் பாதுகாப்புப் பிரிவு, இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கூர்க்கா வீரர்களுக்கு நேபாளத்திலேயே பென்ஷன் வழங்கும் அலுவலகங்களைக் கவனிக்கிறது. காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. மலையில் இரண்டு நாள் நடந்து வருகிற வயதான விதவைக்கு அந்தக் கவுன்ட்டர்தான் இந்தியா. (பென்ஷன் கோப்பு பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

மற்ற நாடுகள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. அமெரிக்கத் தூதரகங்கள் பலவற்றில் இணைப்பாளர் வேறு, பாதுகாப்பு ஒத்துழைப்பு அலுவலகம் வேறு. முதலாமவர் நிலவரம் பார்ப்பவர். ஒத்துழைப்பு அலுவலகம் ஆயுத விற்பனை, பயிற்சி, நன்கொடைக் கப்பல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் இருந்த பெரிய கப்பல்கள் இலங்கைக்குப் போய் 'சமுதுர', 'கஜபாகு', 'விஜயபாகு' ஆனது அப்படித்தான். சீனாவும் 2019-ல் 'பராக்கிரமபாகு' என்ற கப்பலைக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவிடம் நான் மதிக்கிற ஒரு ஏற்பாடு உண்டு. லேஹி சட்டம் என்பார்கள். மோசமான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு அமெரிக்க உதவி போகக் கூடாது. பயிற்சிக்குப் பெயர் வந்ததும் அந்த ஆளையும் அவருடைய பிரிவையும் தூதரகத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். அந்தச் சட்டத்தை எல்லா இடத்திலும் ஒரே கண்ணால் பார்த்து அமல்படுத்துகிறார்களா என்பது வேறு வழக்கு. சட்டம் என்று ஒன்று இருப்பதே பெரிது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் மீனவன் மேல் துப்பாக்கியைத் திருப்பிய பிரிவைச் சேர்ந்த அதிகாரி மறுவருடம் நம் கல்லூரி வகுப்பில் உட்காருவதற்கு முன்னால், ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும்.

வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு நாட்டுப் படையை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சியரா லியோனில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு பிரிட்டன் தலைமையில் ஒரு பயிற்சிக் குழு 2000 முதல் 2013 வரை தங்கி, படையை ஏறக்குறைய அடியிலிருந்து கட்டியது. பதின்மூன்று வருடம்! அந்த நாட்டு அரசும் அதை விரும்பியதால்தான் அது நடந்தது. இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம் அளவில் இருந்த தரைப்படையை 2024-க்குள் 1,35,000 ஆகவும் 2030-க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்போம் என்று அந்த அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது. அவர்களுடைய கஜானா காலியான பிறகு, கொழும்பு அரசு தானே எடுத்த முடிவு அது. வீட்டுக்காரன் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு மாலத்தீவைப் பாருங்கள். நாம் கொடுத்த இரண்டு ஹெலிகாப்டரையும் ஒரு டோர்னியரையும் இயக்கிக்கொண்டிருந்த இந்திய ராணுவத்தினர், நூறு பேருக்கும் குறைவானவர்கள், நோயாளிகளைத் தீவுகளிலிருந்து தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். புதிய அதிபர் வெளியேறச் சொன்னார். 2024 மே 10-க்குள் எல்லோரும் திரும்பினார்கள், சீருடை அணியாத தொழில்நுட்ப ஊழியர்கள் அவர்கள் இடத்துக்குப் போனார்கள். விருந்தாளிக்கு உள்ள எல்லை அது. ஆகவே 'இவ்வளவு கொடுக்கிறோமே, ஒரு வார்த்தை அதட்டினால் படகை விட மாட்டானா' என்று நம் டீக்கடையில் பேசுவது போல அங்கே நடக்காது. அதட்டினால் அவர்கள் கதவை மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது உங்களுக்கு முக்கியமானது. இந்த உறவால் நடுக்கடலில் நம் ஆட்கள் நடத்தப்படும் விதம் மாறுகிறதா? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 2008 அக்டோபர் 26 அன்று இரண்டு அரசுகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், இந்திய மீன்பிடிப் படகுகள் மேல் துப்பாக்கிச் சூடு கூடாது என்ற புரிந்துணர்வு இருக்கிறது. 2016 நவம்பரில் மீன்பிடி விவகாரத்துக்கென்று கூட்டுப் பணிக்குழு அமைந்தது. அதில் இரு நாட்டுக் கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் உண்டு. 2024 அக்டோபர் 29-ல் அதன் ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தது. இவ்வளவும் இருந்தும், 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே நம் மீனவர்கள் மேல் சூடு நடந்தது, இரண்டு பேருக்குப் பலத்த காயம். டெல்லி இலங்கைத் தூதரகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தது. காகிதத்தில் இருப்பது நடுராத்திரியில் விசைப்படகின் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, எதிரே நிற்கும் மாலுமி வரை போய்ச் சேரவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். படைச் சீர்திருத்தத்தின் கடைசி மைல் அது. மேலதிகாரியின் கையெழுத்து கீழே இருபது வயதுப் பையனின் விரல் வரை போக வேண்டும்.

சந்தேகமான பகுதியும் உண்டு. இந்தியாவில் படித்த அதிகாரி நம் மீனவனிடம் மென்மையாக நடந்துகொள்வார் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. என் அனுபவத்தில் நான் பார்த்தது வேறு வகையான பலன். நான் இருந்த நாட்டின் கடலுக்குள் நம் படகு ஒன்று இன்ஜின் பழுதாகி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆறு பேர். முறைப்படி கடிதம் எழுதினால் அவர்கள் வெளியுறவுத் துறை வழியாகப் போய் வர மூன்று நாள் ஆகும். எங்கள் அதிகாரி இரவு பதினொரு மணிக்கு அந்த நாட்டுக் கடற்படையில் ஒருவரை அழைத்தார். அவர் குன்னூர் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் இவருடன் ஒரே வருடம் படித்தவர். ஒரு மணி நேரத்துக்குள் ரோந்துப் படகு கிளம்பியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். பிழைத்து வந்தவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த நட்பு உயிரைக் காப்பாற்ற உதவியது. எல்லை தாண்டிய வழக்கில் சட்டத்தை வளைக்க அது உதவியிருக்காது. இந்த வித்தியாசத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

வெலிங்டன் என்றதும் சிலருக்கு வேறு நினைவு வரும். 2012-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்கு வந்த இலங்கை விமானப்படையினரை, எதிர்ப்பு வந்ததும் கர்நாடகத்தின் எலகங்காவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் வெலிங்டனிலும் அதே எதிர்ப்பு. 2009-ல் அந்தப் பக்கம் நம் சொந்தங்களுக்கு நடந்ததைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு அந்தக் கோபம் நியாயமானது. இலங்கை அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமைத் தாண்டித்தான் நான் தினமும் போய் வருகிறேன், அந்தக் கோபத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தாம்பரத்திலிருந்து எலகங்காவுக்கு மாற்றியதால் பயிற்சியும் நிற்கவில்லை, கேள்வியும் கேட்கப்படவில்லை. எங்கே பயிற்சி என்பதைவிட, யாருக்கு, என்ன பாடம், அவருடைய பழைய பதிவு என்ன என்று கேட்டிருந்தால் பலன் இருந்திருக்கும்.

இனி உங்கள் மாமாவின் படகு. ஆள் கைதானால் 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரகப் பணி உடன்படிக்கைப்படி நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லவும், அவரைப் போய்ப் பார்க்கவும், வழக்கறிஞர் வைக்கவும் வழி இருக்கிறது. வடக்கே நடக்கும் கைதுகளுக்கு இதைச் செய்வது யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகம். பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகத்துக்கு அனுப்பும் மனு அங்கிருந்து இவர்களிடம்தான் திருப்பி விடப்படும், நாள் வீணாகும். படகு விவகாரம் ஆளைவிடச் சிக்கல். கடலடியை அரித்து இழுக்கும் வலையான இழுவைமடிக்கு இலங்கை 2017-ல் தடை போட்டது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, அபராதம் கோடிக் கணக்கில் போகும்படி செய்தது. இப்போது படகு நீதிமன்றத்தின் கையில். உரிமையாளர் நேரில் ஆஜராகித் தன் உரிமையைக் காட்ட வேண்டும் என்று தேதி போடுகிறார்கள். வராவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடும். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இந்தத் தேதியில்தான். ஆகவே பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். மீன்வளத்துறைப் பதிவுச் சான்று, இன்ஜின் வாங்கிய ரசீது, அன்றைக்குக் கடலுக்குப் போன டோக்கன், வங்கிக் கடன் இருந்தால் அதன் தாள், எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியதால் வாய்தா போன வழக்கு எனக்குத் தெரியும். படகு கைவிட்டுப் போனால் தமிழ்நாடு அரசின் நிவாரணம் உண்டு. அதற்கும் இதே தாள்கள்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆக மாட்டேன். எதிர்க்கரையில் வலை கிழிந்து நிற்பவனும் தமிழ் மீனவன்தான். போரில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் சின்னப் படகு வாங்கியவன். நம் இழுவைமடி அவன் கடலை அரித்துக்கொண்டு போகிறது என்று அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எந்தத் தூதரகத்தின் எந்தப் பிரிவும் இதைத் தீர்த்து வைக்க முடியாது. மடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற நம் ஆட்களுக்குப் பணமும் கால அவகாசமும் கிடைத்தால்தான் தீரும்.

அந்தச் சீருடைக்காரர்களிடம் நம் குரல் போய்ச் சேர ஒரு மேஜை மட்டும் இருக்கிறது. சர்வதேசக் கடல் எல்லைக் கோடு பற்றி இரு நாட்டுக் கடற்படையும் கடலோரக் காவல் படைகளும் அவ்வப்போது கூடிப் பேசும் கூட்டம் அது. நம் பக்கத்தில் தமிழ்நாடு, புதுச்சேரிக் கடற்படைப் பகுதித் தளபதியும், அவர்கள் பக்கத்தில் வடக்குக் கடற்படைத் தளபதியும் தலைமை ஏற்பார்கள். கொழும்பிலிருந்து நம் பாதுகாப்பு ஆலோசகரும் வந்து உட்காருவது உண்டு. மாமாவின் படகை அங்கே கேட்க முடியாது. ஆனால் பிடிக்கும்போது என்ன நடந்தது என்பதைக் கேட்க வைக்க முடியும். ஆகவே மாமாவை உட்கார வைத்து எழுதி வாங்குங்கள்: தேதி, நேரம், ஜிபிஎஸ்ஸில் பதிவான இடம், மறித்த படகின் எண் அல்லது நிறம், அடித்தார்களா, வலையை வெட்டினார்களா, மீனையும் போனையும் எடுத்தார்களா, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களா. கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம், நடந்தது மட்டும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை மீன்வளத்துறை உதவி இயக்குநரிடம், ஒன்றை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில், ஒன்றை மண்டபம் கடலோரக் காவல்படை நிலையத்தில் கொடுத்து, மூன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எழுதுவதற்குக் கஷ்டமாக இருந்தால் மாமாவை உச்சிப்புளிக்குக் கூட்டி வாருங்கள், தம்பி. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.